என் ஸ்கோரைக் குறைத்த இன்னொரு லட்சுமி

போன வெள்ளிக்கிழமை. ஸ்டாஃப் ரூமில் மதியச் சாப்பாடு. எதிரே உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கைப் பிட்டுக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் ஷீபா திடீரென்று கேட்டாள்.

“லட்சுமி டீச்சரே, எனக்கு ஹவுசிங் லோன் கிடைச்சு அஞ்சு வருஷம் ஆச்சு. இனி கிரெடிட் ஸ்கோர் குறைஞ்சா எனக்கென்ன, கூடினா எனக்கென்ன? லோன்தான் கைக்கு வந்தாச்சே!”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நானும் இதே தைரியத்தோடுதான் இருந்தேன். ஜாதகம் கல்யாணம் நிச்சயமாகும் வரைதானே? அப்புறம் அதை யார் எடுத்துப் பார்க்கிறார்கள்? ஸ்கோரும் அப்படித்தான் – கடன் கைக்கு வரும் வரை – என்று நினைத்திருந்தேன்.

அப்படி இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதத்தில் வட்டி விகிதத்தைப் பற்றித் தெரிந்துகொண்டது கொஞ்சம். ஒரு மனுஷியைப் பற்றித் தெரிந்துகொண்டது நிறைய. ஷீபாவுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பவர்களுக்காக இரண்டு வரி. நான் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிறந்தது வலியசாலையில். இப்போது வீடு நேமத்தில். கடன் வாங்கிக் கட்டிய வீடு. கடன் என் பெயரில் – என் கணவர் ராஜன் இரண்டாம் பெயர். அன்றைக்கு அவர் சம்பளத்தைவிட என் சம்பளம்தான் வங்கிக்குப் பிடித்திருந்தது!

எட்டு வருடங்களில் ஒரு மாதம்கூட இ.எம்.ஐ. தவறியதில்லை. கொரோனா சமயத்தில் தவணையைத் தள்ளி வைக்கலாம் என்று சொன்னபோதுகூட நாங்கள் தள்ளவில்லை. நான் ரிடையர் ஆவதற்குச் சரியாக நாலு மாதம் முன்பு கடைசித் தவணை முடியும். அந்தக் கணக்கில் எனக்கு ஒரு கர்வமே உண்டு.

அப்போதுதான், தம்பியின் மூன்றாம் மாடி வீட்டில் இருந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆயிற்று. இனி அவளால் மாடி ஏற முடியாது. எங்கள் வீட்டில் கீழே ஹாலும் சமையலறையும் மட்டும்தான். பக்கவாட்டில் ஒரு அறையும், கைப்பிடி வைத்த ஒரு பாத்ரூமும் கட்டிவிட்டால் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிடலாம். இருக்கிற வீட்டுக்கடன் மேலேயே கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்களே – டாப்-அப் – அதைக் கேட்டு வங்கிக்குப் போனேன். போகும்போதே பாத்ரூம் டைல்ஸின் நிறம்கூட முடிவாகிவிட்டிருந்தது.

மேனேஜர் தங்கமான மனிதர். கம்ப்யூட்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“டீச்சரே, டாப்-அப் கஷ்டமாக்கும்.”

“ஏன் சார்? ஒரு மாசம்கூட நான் தவறினதில்லையே!”

“நம்ம பேங்க்ல தவறல. வேற எங்கேயோ தவறியிருக்கு. ஸ்கோர் அறுநூத்திப் பன்னெண்டு.”

வீட்டுக்கடன் வாங்கிய நாளில் என் ஸ்கோர் எழுநூற்றுத் தொண்ணூறு! அவர் தயங்கித் தயங்கி இரண்டாவது குண்டைப் போட்டார்.

“ரேட்டும் அரை பர்சன்ட் கூடியிருக்கு. மெசேஜ் வந்திருக்குமே, பாக்கலியா?”

வந்திருக்கும். தள்ளுபடியில் சேலை, இலவச ரத்தப் பரிசோதனை என்று தினமும் வருகிற இருபது மெசேஜ்களோடு சேர்த்து அதையும் அழித்திருப்பேன். மாதத் தவணைத் தொகை மாறவில்லை. அதனால் எனக்கு உறைக்கவே இல்லை. மாறியது தவணைகளின் எண்ணிக்கை. நூற்று நாற்பத்து நாலு பாக்கி இருந்த இடத்தில் இப்போது நூற்று ஐம்பத்தொன்று.

ஏழு தவணை கூடுதல். ரிடையர்மென்டுக்கு நாலு மாதம் முன்பு முடிய வேண்டிய கடன், ரிடையர் ஆகி மூன்று மாதம் கழித்துத்தான் முடியும்!

“ஓடிக்கிட்டிருக்கிற லோனுக்கு இப்போ ஸ்கோர் எதுக்கு சார்?”

மேனேஜர் பொறுமையாக விளக்கினார். என்னுடையது மாறுகிற வட்டி. அடிப்படை விகிதத்தின் மேல், ‘இந்த ஆள் எவ்வளவு நம்பகமானவர்’ என்று பார்த்து வங்கி ஒரு பங்கு சேர்க்கிறது. கடன் பத்திரத்திலேயே அது எழுதியிருக்கிறது – படிக்காமல் கையெழுத்துப் போட்ட பக்கங்களில் ஒன்று. அவ்வப்போது ஸ்கோரைப் பார்ப்பார்கள். பெரிதாக விழுந்திருந்தால் அந்தப் பங்கு ஏறும்.

“பயப்படண்டாம் டீச்சரே. ஸ்கோர் குறைஞ்சதுன்னு யாரும் வீட்டை எடுத்துட்டுப் போக மாட்டாங்க. இ.எம்.ஐ. ஒழுங்காப் போனா லோன் அதுபாட்டுக்கு ஓடும்.”

“வேற பேங்குக்கு மாத்திட்டா?”

“அவங்களும் இதே ஸ்கோரைத்தானே பாப்பாங்க?”

அதாவது – வட்டி ஏறும். மேற்கொண்டு கடன் கிடைக்காது. வேறு இடத்துக்கு ஓடவும் முடியாது. முப்பது பிள்ளைகளின் பேப்பரைத் திருத்திக்கொண்டிருக்கிற டீச்சரின் தலையில் யாரோ சிவப்பு மையில் ஃபெயில் என்று எழுதினால் எப்படி இருக்கும்? அப்படி எழுந்து வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அழுகைகூட வந்தது. கடனை நினைத்து அல்ல. அம்மாவிடம் என்ன சொல்வது?

சாயங்காலம் ராஜனும் நானுமாக என் கிரெடிட் ரிப்போர்ட்டை இறக்கிப் படித்தோம். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது வில்லங்கம். எங்கோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் என் பெயரில் ஒரு கடன். தையல் மெஷின்கள் வாங்க! தொடர்ந்து ஐந்து மாதத் தவணை பாக்கி. முகவரி: சாலை பஜாரில் ஒரு சந்து.

ராஜன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “லச்சு, எனக்குத் தெரியாம மெஷின் கிஷின் ஏதாவது வாங்கினியோ?”

“ஏன்னா, உங்க சட்டைப் பட்டனை இருபது வருஷமா யார் தைக்கறா?”

“நான்தான்.”

“அப்புறம் என்ன கேள்வி?”

அது என் கடன் இல்லை என்று ஆன்லைனில் புகார் எழுதினோம். ஒரு மாதத்துக்குள் பதில் வந்தது. சுருக்கமான பதில். ‘கடன் கொடுத்த நிறுவனம் தகவல் சரி என்று உறுதி செய்திருக்கிறது.’

அவ்வளவுதான். என்னைப் பற்றி என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது!

கிழக்கேகோட்டைப் பக்கம் இருந்த அந்த ஃபைனான்ஸ் ஆபீசுக்கே போனேன். கவுன்டரில் இருந்த இளைஞர் கம்ப்யூட்டரில் தேடினார். “பேர் எஸ். லட்சுமி. கரெக்ட். பான் நம்பர், கரெக்ட். மேடம்தானே?”

“பேரும் நம்பரும் என்னோடதுதான். கடன் என்னோடது இல்லை.”

அவர் நல்ல பிள்ளை. விரட்டவில்லை. பழைய ஃபைலைத் தேடி எடுத்து, தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி பிரித்துப் பார்த்தார். முகம் மாறியது. விண்ணப்பத்தோடு வைத்திருந்த பான் கார்டு நகலில் ஓர் எண் எட்டு. கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அதை மூன்று என்று அடித்திருக்கிறார். மூன்று போட்டால் – அது நான். பெயரும் ஒன்றாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“அப்போ திருத்திடுங்களேன்!”

“என்னால முடியாது மேடம். லோன் எடுத்த ஆள் நேர்ல வந்து, ஒரிஜினல் பான் கார்டு காட்டி, இது என் கடன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்போதான் ஹெட் ஆபீஸ் மாத்தும்.”

“அவங்க யாரு? எங்க இருக்காங்க?”

“அதை நான் சொல்லக் கூடாது மேடம்.”

சொல்ல வேண்டாம். முகவரிதான் என் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறதே!

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களைக் கேட்கிறேன். ஐந்து மாதத் தவணை பாக்கி வைத்திருக்கும் ஒருவரிடம் போய், ‘வாருங்கள், இந்தக் கடன் என்னுடையது என்று எழுதிக் கொடுங்கள்’ என்று கூப்பிட்டால் வருவாரா? நீங்களாக இருந்தால் வருவீர்களா? நானாக இருந்தால்…? அந்த நேர்மையான பதிலோடுதான் சனிக்கிழமை காலை சாலை பஜாருக்குள் நுழைந்தேன்.

வெங்காய மூட்டை இறக்கும் லாரி ஒருபுறம். பிளாஸ்டிக் குடங்களை மலை மாதிரி கட்டிக்கொண்டு வரும் வண்டி இன்னொருபுறம். நடுவே வழி விசாரித்து விசாரித்து, ஒரு ஜவுளிக் கடையின் மாடிக்குப் போனேன். செங்குத்தான மரப்படி. மேலே ஒரே ஓர் அறை. மூன்று மெஷின்கள். இரண்டு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பெண் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். வலது மணிக்கட்டில் பட்டை.

“லட்சுமி…?” என்றேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். முகம் வாடிவிட்டது. “மேடம், இந்த மாசம் முதல் அடைக்கத் தொடங்கிட்டேனே. பழைய பாக்கியும் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிடுவேன்னு நேத்தே போன்ல சொன்னேன். பிள்ளைங்க முன்னால வச்சு ஒண்ணும் பேசாதீங்க, கீழ போயிடலாம்.”

வசூலுக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டாள்! எனக்கு வெட்கமாகப் போயிற்று.

“நான் பைசா கேட்டு வரல. நான் ஸ்கூல் டீச்சர். என் பேரும் எஸ். லட்சுமிதான்.”

என்னுடைய எஸ், சங்கரன். அவளுடைய எஸ், சுடலைமுத்து. அவள் தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து சாலைக்கு மூட்டை தூக்க வந்த குடும்பம். நான் ரிப்போர்ட்டைக் காட்டி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் கண் விரிந்துகொண்டே போனது.

“என் கடனுக்கு உங்க வட்டி கூடிச்சா? உங்க அம்மைக்கு ரூம் கெட்ட முடியலியா?” தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு இது அறியாது டீச்சர். சத்தியமா அறியாது.”

போன மழைக்காலத்தில் அந்த மரப்படியில்தான் சறுக்கியிருக்கிறாள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. வெட்டுகிறவள் அவள்தான். வெட்டாமல் மற்ற இருவரும் எதைத் தைப்பார்கள்? ஐந்து மாதம் மெஷின் ஓடவில்லை. “கை ஒடியறதுக்கு முந்தி ஒரு தவணை நான் தப்பினதில்ல, கேட்டீங்களா? வேணும்னா ரசீது காட்டறேன்.” காட்டவும் காட்டினாள். பிஸ்கட் டின்னில் தேதிவாரியாக அடுக்கி வைத்த ரசீதுகள்.

எனக்கு அந்தக் குரல் தெரியும். வங்கி மேனேஜரிடம் நான் பேசிய அதே குரல்!

“திங்கக்கெழமை நான் வாறேன் டீச்சர். என்ன எழுதணுமோ எழுதித் தாறேன்” என்றாள். இவ்வளவு சுலபமா என்று நான் மூச்சுவிட்டேன். கடுஞ்சாயா வாங்கி வரச் சொன்னாள். குடிக்கும்போதுதான் சந்தோஷமாக ஒரு காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள்.

ஒரு வீட்டின் வரைபடம்.

“பாலராமபுரத்துக்கு அந்தாண்ட மூணு சென்ட் கெடக்கு. என் நகையை வித்து வாங்கினது. ரெண்டு ரூம், ஒரு அடுக்களை, முன்னால மெஷின் போட ஒரு சாய்ப்பு. லோனுக்கு எழுதிக் குடுத்திருக்கு. தையல் மெஷின் லோன் முடங்கிக் கெடக்குன்னு நானே மேனேஜர்கிட்ட சொன்னேன். அவர் கம்ப்யூட்டர்ல நோக்கிட்டு, ‘அப்படி ஒண்ணும் காணலியே சேச்சி, உங்க ஸ்கோர் கொள்ளாமே, நல்லாத்தானே இருக்கு’ன்னார். எனக்கே ஆச்சரியம் டீச்சர்! தெய்வம் கண்ணைத் தொறந்துட்டுன்னு நெனச்சேன்.”

சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் கடன் அவள் கணக்கில் ஏன் தெரியவில்லை என்று எனக்குத்தானே தெரியும்? அது என் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. திங்கட்கிழமை அவள் போடப்போகும் ஒரு கையெழுத்தில் அது என்னைவிட்டு இறங்கி அவள் மேல் ஏறும். ஐந்து மாத பாக்கியோடு. அப்புறம் இந்த வரைபடம்?

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. “வீடு நன்னா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்தேன்.

வீட்டில் ராஜனிடம் சொன்னேன். அவர் நியாயஸ்தர். ஆனால் அன்றைக்கு அவர் பேசிய நியாயம் இது:

“நீ எதுக்கு வாயைத் தொறக்கறே? கடன் அவளோடது. அவ பேர்ல போய்ச் சேர்றதுல என்ன தப்பு? நீ எட்டு வருஷம் ஒழுங்கா கட்டினதுக்கு உனக்கு இந்த தண்டனையா? அம்மா அங்க மூணாவது மாடியில, தம்பி ஆத்துல, நாலு சுவத்தைப் பாத்துண்டு படுத்திருக்கா.”

தப்பே இல்லைதான். சட்டப்படி தப்பில்லை, கணக்குப்படியும் தப்பில்லை. ஆனாலும் ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ‘தெய்வம் கண்ணைத் தொறந்துட்டு’ என்று ஒருத்தி சொல்கிறாள் – அந்தக் கண்ணை மூடுவதற்காக அவளையே நான் கையைப் பிடித்து அழைத்துப் போகிறேன். அதையும் அவளுக்குச் சொல்லாமல்!

திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு. நான் போவதற்கு முன்பே அவள் ஃபைனான்ஸ் ஆபீஸ் வாசலில் நின்றாள். இஸ்திரி போட்ட காட்டன் புடவை. கையில் பிளாஸ்டிக் கவர். கூடவே அவள் மகள் – பி.காம். இரண்டாம் வருஷம், பெயர் சுபா.

கவுன்டர் இளைஞர் படிவத்தை நீட்டினார். லட்சுமி பேனாவை எடுத்தாள். பெயரை எழுதினாள். முகவரியை எழுதினாள். பான் எண்ணைக் கார்டைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு வந்தபோது என்னால் முடியவில்லை.

“லட்சுமி, நில்லுங்கோ” என்றேன். “நான் ஒரு விஷயம் சொல்லல. நீங்க இதுல கையெழுத்துப் போட்டா இந்த பாக்கி எல்லாம் உங்க ரிப்போர்ட்ல வரும். உங்க ஸ்கோர் விழும். உங்க வீட்டு லோன்… கிடைக்காமப் போகலாம். சனிக்கிழமையே சொல்லியிருக்கணும். என் தப்பு.”

கவுன்டர் இளைஞர் என்னைப் பார்த்தார். சொந்தக் காலில் கோடாலி போட்டுக்கொள்ளும் பைத்தியத்தை முதல் தடவையாகப் பார்ப்பது போல!

லட்சுமி நிமிர்ந்தாள். சிரித்தாள்.

“தெரியும் டீச்சர்.”

“தெரியுமா?”

“அன்னைக்கு ராத்திரி வீட்ல விஷயத்தைச் சொன்ன உடனே இவ பறஞ்சா.” மகளைக் காட்டினாள். “‘அம்மா, உன் கடன் அந்த டீச்சர் பேர்ல கெடக்கறதாலதான் உன் ஸ்கோர் நல்லாயிருக்கு. நீ போய் எழுதிக் குடுத்தா வீடு போச்சு’ன்னா. நான் போகலேன்னா என்ன ஆகும்னு கேட்டேன். ‘உனக்கு ஒண்ணும் ஆகாது, அவங்கதான் கெடந்து அலைவாங்க’ன்னா.”

“அப்புறமும் வந்தீங்களா?”

“பின்ன? மெஷின் வாங்கினது நான். அதுல தெச்சுத்தான் இவளைப் படிக்க வைக்கிறேன். அந்தக் கடன் வேற ஒருத்தி பேர்ல கெடந்தா எனக்குத்தானே மானக்கேடு? நல்லதோ கெட்டதோ, என் கடன் என் பேர்ல வரட்டும் டீச்சர்.”

கையெழுத்துப் போட்டாள். வலது கை இன்னும் முழுசாக மடங்கவில்லை. எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. ‘கையெழுத்து பழையதோட ஒத்துப்போகல’ என்று தயங்கிய அந்த இளைஞரிடம், மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டினாள். “இதையும் எழுதிக்கோ தம்பி” என்றாள். அவர் எழுந்து நின்று படிவத்தை வாங்கிக்கொண்டார். யாரும் சொல்லாமல், தானாக எழுந்து நின்றார்.

சுபா தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு பெருமை இருந்ததே… அதில் கொஞ்சம் எனக்கும் பங்கு உண்டு என்று அன்றைக்கு நானே எடுத்துக்கொண்டேன். ஒரே பெயர்தானே!

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது – எனக்கு. ஆறு வாரத்தில் அந்தக் கடன் என் ரிப்போர்ட்டிலிருந்து மறைந்தது. ஸ்கோர் பழைய இடத்துக்கே வந்தது. ஆனால் வட்டி தானாக இறங்காது, கேட்டுக்கொள்ளுங்கள்! ஏற்றுவதற்கு நம்மைக் கேட்க மாட்டார்கள். இறக்குவதற்கு நாம் எழுதிக் கேட்க வேண்டும். திருத்திய ரிப்போர்ட்டை இணைத்துக் கடிதம் கொடுத்தேன். மேனேஜர் மேலிடத்துக்கு அனுப்பினார். அரை சதவீதம் இறங்கியது. ஏழு தவணையும் ஓடிப்போயின. டாப்-அப்பும் கிடைத்தது. ஓணத்துக்கு அம்மா புது அறையில் இருந்தாள்.

லட்சுமிக்கு? மகள் சொன்ன மாதிரியே ஆயிற்று. அவள் வங்கி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பாக்கி எல்லாம் அடைத்து முடித்து, ஒரு வருடம் ஒழுங்காகப் போகட்டும், அப்புறம் வாருங்கள் என்றார்களாம்.

நான் அவளைத் தேடிப் போனேன். அந்த ஐந்து மாத பாக்கியை நான் கட்டிவிடுகிறேன், மெல்லத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

“அப்போ அது மறுபடியும் உங்க கடனாயிடுமே டீச்சர்! இத்தனை பாடுபட்டு என் பேருக்கு மாத்தினது எதுக்கு?”

நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் யூனிஃபார்ம் தைக்க விலைப்புள்ளி கேட்டு நோட்டீஸ் போட்டார்கள். அதை மட்டும் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். “சிபாரிசு பண்ணப்பிடாது டீச்சர்” என்று முதலிலேயே கண்டிஷன் போட்டாள். பண்ணவில்லை. மாதிரிக்கு ஒரு சட்டையும் ஒரு பாவாடையும் தைத்துக் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிறவர். திருப்பிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். அப்புறம் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். பள்ளி திறக்கும் நாளில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் சுடலைமுத்து மகள் லட்சுமி வெட்டிய சட்டையில் அசெம்ப்ளியில் நின்றார்கள். பிரார்த்தனையின்போது கண்ணை மூட வேண்டும் என்பது விதி. நான் மூடவில்லை. வரிசை வரிசையாகக் காலரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருமானத்தில் பாக்கி மொத்தமும் தீர்ந்தது. பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த கடிதத்தை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அதன்பிறகு ஒரு வருடம்… மாதா மாதம் தவணை, தேதி தவறாமல். ஸ்கோர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. சுபாதான் பார்த்துச் சொல்வாளாம். கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போல!

கடன் வாங்குகிற சாமர்த்தியம் பலருக்கும் உண்டு. ஒழுங்காக அடைக்கிற நேர்மையும் நிறையப் பேருக்கு உண்டு. தன் தலையில் இல்லை என்று கம்ப்யூட்டரே சொன்ன பிறகும், ‘இல்லை, அது என்னுடையது’ என்று படியேறிப் போய் வாங்கிக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்? எனக்கு ஒருத்தியைத் தெரியும். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் இந்த வாரம் இவ்வளவு எழுதினேன்.

நேற்று முன்தினம் அவளிடமிருந்து போன். பின்னால் சாலை பஜாரின் இரைச்சல். “டீச்சர், லோன் சாங்ஷன் ஆயிட்டு!” கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவுதானாம். வட்டியும் எனக்கிருப்பதைவிடச் சற்றுக் கூடுதல்தானாம். “சாரமில்ல, போகட்டும். வீடு என் பேர்லயாக்கும்!” என்றாள்.

அப்புறம் சிரித்துக்கொண்டே வங்கியில் நடந்ததைச் சொன்னாள். விண்ணப்பத்தில், ‘உங்களை நன்கு அறிந்த ஒருவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறாள். மேனேஜர் பார்த்துவிட்டு, “சேச்சி, இங்க வேற ஆள் பேரை எழுதணும். உங்க பேரையே எழுதி வச்சிருக்கீங்களே?” என்று கேட்டாராம்.

“அது நானில்ல சார், வேற ஆளு. நல்ல மனுஷியாக்கும்… சந்தேகம்னா அவங்க ஸ்கோரை எடுத்துப் பாத்துக்கோங்க!”